பாலிட்ரைக்கம் கம்யூனேயா, ஃபார்மோசமா? எதைப் பார்த்துப் பிரிப்பது?

ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அருகே உள்ள பைன் காட்டில் எடுத்த இரண்டு மாஸ் (பூக்காத, பாசி போன்ற சிறு தாவரம்) புகைப்படங்களைக் காட்டி, "இரண்டும் ஒரே மாஸ் போலத்தான் தெரிகின்றன. செடிகளை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றைப் பாலிட்ரைக்கம் கம்யூனே என்கிறது, மற்றதைப் பாலிட்ரைக்கம் ஃபார்மோசம் என்கிறது. மறுநாள் அதே படங்களைக் கொடுத்தால் பெயர்களை மாற்றிச் சொல்கிறது. எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, போகிற போக்கில் எழுதியது போல இன்னொரு வரியும் இருக்கிறது: "இவை உண்மையிலேயே வெவ்வேறு தாவரங்கள்தானா, அல்லது தாவரவியலாளர்கள் வைத்துக்கொண்ட பிரிவினையா?" உங்கள் உண்மையான கேள்வி இந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தப் பிரிவினையை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். இவை இரண்டும் உண்மையாகவே வெவ்வேறு சிற்றினங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றைப் பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் உங்கள் படங்களில் இல்லை. எவ்வளவு நல்ல கேமராவால் எடுத்தாலும் இருந்திருக்காது. அது இலையின் குறுக்குவெட்டில், ஒரே ஒரு வரிசைச் செல்களின் வடிவத்தில் இருக்கிறது. செயலி தடுமாறுவது அதனால்தான். படத்தில் இல்லாத ஒன்றைப் படத்திலிருந்து எடுக்க முடியாது.

பாலிட்ரைக்கம் என்றால் கிரேக்கத்தில் 'பல முடிகள்' என்று பொருள். ஸ்போர்கள் (விதை போலப் பரவும் நுண்துகள்கள்) உருவாகும் சிறு பையான காப்ஸ்யூலின் மேல் பொன்னிற ரோமத்தால் நெய்தது போன்ற தொப்பி ஒன்று கவிந்திருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் பாசி என்ற ஒரு சொல்லுக்குள் குளத்துப் பாசியும், கிணற்றுப் படியின் வழுக்கலும், மரப்பட்டையில் ஒட்டிய பச்சையும் சேர்ந்துவிடுகின்றன. பாலிட்ரைக்கத்தைக் கண்டவர்கள் அதைப் பாசி என்று சொல்லத் தயங்குவார்கள். நிமிர்ந்த தண்டும் அதைச் சுற்றி விரைப்பான ஊசி இலைகளுமாக, பைன் கன்றைச் சிறிதாக்கி நட்டு வைத்தது போல இருக்கும். கம்யூனே நன்றாக வளர்ந்தால் 40 செ.மீ. வரை கூட உயரும். மாஸ் உலகத்தில் அது பெரிய உயரம்.

நான் இந்தக் குடும்பத்தை முதலில் கற்றது கொடைக்கானல் மலைப்பாதையில், மண் வெட்டிய சரிவுகளில். அங்கே நாங்கள் மாணவர்களாகப் பறித்து வந்ததற்கெல்லாம் பாடப்புத்தகத்தை நம்பிப் பாலிட்ரைக்கம் என்று எழுதினோம். எங்கள் ஆசிரியர் ஒரு காப்ஸ்யூலை எடுத்து விரலிடுக்கில் உருட்டச் சொன்னார். வழுவழுவென்று உருண்டது. பாலிட்ரைக்கத்தின் காப்ஸ்யூலுக்கு, ஒரு சில சிற்றினங்கள் நீங்கலாக, பெட்டி போல விளிம்புகள் உண்டு, அது உருளாது. எங்கள் கையில் இருந்தது போகோனேட்டம் என்ற அண்டைப் பேரினம். அதன் காப்ஸ்யூல் வாயில் 32 பற்கள் இருக்கும், பாலிட்ரைக்கத்தில் பெரும்பாலும் 64. அந்தப் பற்களும் அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வும் சேர்ந்து மிளகுப்பொடிக் குப்பியின் மூடி போல வேலை செய்கின்றன. காற்றில் தண்டு ஆட ஆட, இடுக்குகளின் வழியே ஸ்போர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும். பேரினத்தைப் பிரிக்க இப்படி விரலே போதுமானதாக இருந்தது. சிற்றினத்துக்கு வரும்போதுதான் கண்ணும் விரலும் கைவிடுகின்றன. பிறகு இங்கிலாந்தின் வடபகுதியில் ஆய்வு மாணவனாக நான்கு ஆண்டுகள் இருந்தபோது, நீங்கள் கேட்ட இதே இரண்டு சிற்றினங்களோடு நிறையப் பொழுது கழித்தேன்.

அந்தப் பொழுதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் செயலியும் அதைத்தான் செய்கிறது. கம்யூனே உயரமானது, ஈரமான புளிப்பு மண்ணிலும் சதுப்பிலும் வளர்வது. ஃபார்மோசம் குட்டையானது, காட்டுக்குள் வடிந்த மண்ணிலும் சரிவுகளிலும் வளர்வது. எல்லாக் கையேடுகளிலும் இது இருக்கிறது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஒருமுறை மரங்களுக்கு நடுவே ஈரமான பள்ளத்தில் ஒரு சாணுக்கும் அதிகமான உயரத்தில் நின்ற செடியைக் கண்டதும் கம்யூனே என்று உறையில் எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்து இலையை வெட்டிப் பார்த்தால் அது ஃபார்மோசம். நிழலும் ஈரமும் சேர்ந்து அதை இழுத்து வளர்த்திருந்தன. அதற்கு எதிரானதும் நடக்கும். காய்ந்த கரி மண்ணில் நான்கைந்து செ.மீ. உயரத்தில் நிற்கும் கம்யூனே, பார்வைக்கு அப்படியே ஃபார்மோசம். உயரம், நிறம், இலைகளின் நெருக்கம் ஆகிய மூன்றும் வெளிச்சமும் தண்ணீரும் தீர்மானிப்பவை. காய்ந்த நேரத்தில் இலைகள் தண்டோடு ஒட்டி நிற்கும், நனைந்தவுடன் நட்சத்திரம் போல விரியும். ஒரே செடியைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் படம் எடுத்தால் இரண்டு செடிகள் என்று யாரும் சொல்வார்கள். உங்கள் முதல் படம் மழைக்குப் பிறகு எடுத்தது, இரண்டாவது வெயிலில் எடுத்தது என்பது படங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்படியானால் மாறாதது எது? பாலிட்ரைக்கம் இலையின் மேற்பரப்பு தட்டையாக இருக்காது. ஒரே ஒரு செல் தடிமனுள்ள மெல்லிய பச்சைத் தகடுகள், புத்தகத் தாள்களை நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கியது போல, இலையின் நீளவாக்கில் வரிசையாக நிற்கும். ஓர் இலையில் முப்பது, நாற்பது, அதற்கு மேலும் இருக்கும். ஒளிச்சேர்க்கை பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கிறது. தகடுகளுக்கு இடையில் ஈரக்காற்று தங்கும். தகட்டின் விளிம்பில் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் மழைநீர் அந்த இடைவெளிக்குள் எளிதில் புகாது. இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், தகடுகள் ஒவ்வொன்றும் நான்கு முதல் ஒன்பது செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் தூண்களாகத் தெரியும். எல்லாமே அந்தத் தூணின் உச்சிச் செல்லில் இருக்கிறது. கம்யூனேயில் உச்சிச் செல் கீழே உள்ளவற்றைவிட அகலமாக, மேல்விளிம்பில் பள்ளம் விழுந்து, அகல்விளக்கைக் குறுக்கே வெட்டியது போல இருக்கும். ஃபார்மோசத்தில் அது அகலாது, பள்ளமும் இருக்காது, விரல் நுனி போல வழவழப்பாக வளைந்திருக்கும். முதல் முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இவ்வளவு நாள் இது எப்படி நம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்று தோன்றும்.

வெட்டுவது பெரிய வித்தையல்ல. நனைத்த இலை ஒன்றைத் தண்டிலிருந்து கீழ்நோக்கி இழுத்து, உறை போலத் தண்டைத் தழுவும் அடிப்பகுதியோடு சேர்த்துப் பிரித்தெடுங்கள். அந்த உறைப் பகுதியையும் நுனியையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். உறையில் தகடுகளே இருக்காது, நுனியில் அவை குட்டையாகிவிடும். நம் கல்லூரி ஆய்வகங்களில் செய்வது போலக் கேரட் துண்டைப் பாதியாகப் பிளந்து, இடையில் இலையை வைத்து, புதிய சவர பிளேடால் மெல்லிய சீவல்களாக அரியலாம். கண்ணாடித் துண்டின் மேல் இலையைப் படுக்கவைத்து, கை லென்ஸால் பார்த்துக்கொண்டே பொடிப்பொடியாகக் கொத்தினாலும் போதும். இருபது சீவல்களில் இரண்டு நன்றாக வந்தால் அதுவே வெற்றி. தகடுகளுக்கு இடையில் சிக்கிய காற்று கருப்புக் குமிழ்களாக நின்று எல்லாவற்றையும் மறைக்கும். ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் விலகிவிடும். குறுக்குவெட்டு சரியாக வராவிட்டால் தகடுகளை பிளேடு முனையால் பக்கவாட்டில் சுரண்டி எடுத்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது கம்யூனேயின் தகட்டு விளிம்பு நுண்ணிய ரம்பம் போல மேடுபள்ளமாக இருக்கும், ஃபார்மோசத்தில் ஏறக்குறைய நேர்க்கோடாகப் போகும். 100 மடங்கு பெருக்கும் சாதாரண மாணவர் நுண்ணோக்கியிலேயே இது தெரியும், 400 மடங்கு இருந்தால் சந்தேகமே வராது.

காப்ஸ்யூல் கிடைத்தால் அதுவும் நல்ல சாட்சி. கம்யூனேயில் அது நான்கு கூரிய விளிம்புகளோடு, நீளம் அதிகமில்லாத சிறு பெட்டி போல இருக்கும். அடியில் வட்டத் தட்டு ஒன்று, தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆழமான இடுக்கு. ஃபார்மோசத்தில் காப்ஸ்யூல் சற்று நீண்டது, விளிம்புகள் நான்கிலிருந்து ஆறு வரை இருக்கும், அந்த இடுக்கு அவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள் என்பதால் ஆண் கூட்டம் மட்டுமே உள்ள இடத்தில் எத்தனை ஆண்டு தேடினாலும் காப்ஸ்யூல் கிடைக்காது. தண்டு நுனியில் ஆரஞ்சும் சிவப்புமாகச் சிறு பூப்போன்ற கிண்ணங்கள் தெரிந்தால் அது ஆண் செடி. மழைத்துளி அந்தக் கிண்ணத்தில் விழுந்து தெறிக்கும்போது ஆண் செல்களும் தெறித்துப் பரவும். அடுத்த ஆண்டு அந்தக் கிண்ணத்தின் நடுவிலிருந்தே புதுத் தண்டு முளைத்து மேலே போகும். இது எனக்கு எப்போது பார்த்தாலும் அலுக்காத காட்சி. உங்கள் இரண்டாவது படத்தின் ஓரத்தில் அப்படி இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன, பெரிதாக்கிப் பாருங்கள்.

அதே காட்டில் நீங்கள் சந்திக்கக்கூடிய வேறு சில உறவினர்களுக்கு நுண்ணோக்கி தேவையே இல்லை. கை லென்ஸில் இலை விளிம்பைப் பாருங்கள். கம்யூனேயிலும் ஃபார்மோசத்திலும் விளிம்பில் பற்கள் இருக்கும். ஜூனிபெரினத்திலும் பிலிஃபெரத்திலும் பற்கள் இருக்காது. இலையின் இரு ஓரங்களும் உள்நோக்கி மடிந்து தகடுகளைப் போர்த்தியிருக்கும். ஜூனிபெரினத்தின் நுனி முள் செம்பழுப்பு, பிலிஃபெரத்தினுடையது வெள்ளை முடி. நரைத்த கூட்டமாகத் தூரத்திலேயே தெரிந்துவிடும். சதுப்பில் ஸ்பேக்னம் என்ற சதுப்பு மாஸின் மெத்தையின் மேல் ஒல்லியாக நிமிர்ந்து, தண்டில் வெள்ளைப் பஞ்சு சுற்றியது போல இருந்தால் அது ஸ்ட்ரிக்டம். இவற்றில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன். கம்யூனே, ஃபார்மோசம் என்ற இரு பெயர்களும் மாஸ் ஆய்வாளர் யோஹான் ஹெட்விக் எழுதிய நூலில் இருப்பவை. அவர் 1799-இல் இறந்துவிட்டார், நூல் 1801-இல் வெளிவந்தது. ஸ்பேக்னம் குடும்பத்தைத் தவிர மற்ற மாஸ்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பின் தொடக்கம் அந்த நூல்தான் என்று இன்றும் தாவரப் பெயரிடல் விதிகள் ஏற்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, எத்தனையோ நாடுகளில், எத்தனையோ பேர் வெட்டிப் பார்த்தும் இந்தப் பிரிவு குலையவில்லை. உச்சிச் செல்லின் வடிவம், காப்ஸ்யூலின் வடிவம், பெரும்பாலான நேரங்களில் வளரும் இடம் ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத அடையாளங்கள். அவை மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போது அது மனிதர் இழுத்த கோடாக இருக்க வாய்ப்பில்லை. உறவு நெருக்கத்தில்தான் கருத்து மாறியிருக்கிறது. ஃபார்மோசத்தைப் பாலிட்ரைகாஸ்ட்ரம் என்ற வேறு பேரினத்தில் வைத்த காலம் ஒன்று உண்டு, உங்கள் கையில் இருக்கும் புத்தகம் அந்தப் பெயரைத் தந்தால் குழம்ப வேண்டாம், செடி அதேதான்.

உறுதி குறையும் இடம் கம்யூனேக்கு உள்ளேயே இருக்கிறது. பெரிகோனியேலே, யூலிஜினோசம் என்று இரண்டு பெயர்களைச் சில நூல்கள் கம்யூனேயின் வகைகளாகவும், சில தனிச் சிற்றினங்களாகவும் வைக்கின்றன. ஐரோப்பாவில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த மரபுக்கூறு ஆய்வுகள், கம்யூனே என்று ஒரே பெயரில் அழைத்தவற்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுவழிகள் இருப்பதைக் காட்டின. கம்யூனேக்கும் யூலிஜினோசத்துக்கும் இடையே கலப்பினங்கள் உண்டாவதையும் கண்டார்கள். கலக்கின்றன என்பதால் ஒன்று என்பதா, கலந்தும் தனித்தனியாக நிலைத்திருக்கின்றன என்பதால் இரண்டு என்பதா? சிற்றினம் என்ற சொல்லுக்கு நாம் தரும் பொருளைப் பொறுத்தது அது. நான் செல்களைப் பார்த்துப் பழகியவன், மரபுக்கூறு ஆய்வை என் கையால் செய்ததில்லை. எனவே இந்த இடத்தில் மட்டும் 'கம்யூனே, பரந்த பொருளில்' என்று எழுதி நிறுத்திக்கொள்வேன். தாவரவியலாளர்களின் பிரிவினையோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருப்பது இங்கேதான், நீங்கள் கேட்ட இரண்டுக்கும் இடையில் அல்ல.

செல் அடையாளமும் நூற்றுக்கு நூறு துணை நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இலையிலேயே சில தகடுகளின் உச்சியில் பள்ளம் ஆழமாகவும் சிலவற்றில் மேலோட்டமாகவும் இருக்கும். அதனால் ஒரு செல்லைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு மூன்று இலைகளில், ஒவ்வொன்றிலும் பத்துத் தகடுகளாவது பாருங்கள். முளைத்து அதிக நாளாகாத இளஞ்செடிகளில் தகடுகள் முழுதாக உருவாகியிருக்காது. அவற்றைப் பெயரிட முயல்வது வீண்.

மாதிரி எடுப்பது பற்றி. உங்களுக்கு ஒன்றிரண்டு தண்டுகளே போதும், கூட்டத்தைப் பிடுங்க வேண்டாம். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுத் தாவரத்தையும் வேரோடு பிடுங்கக் கூடாது. எனவே முதலில் கேட்டுவிடுங்கள், பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். எடுத்ததைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தை மடித்து உறையாக்கி, நாள், இடம், எதன்மேல் வளர்ந்தது, ஈரமா வடிந்த மண்ணா என்ற விவரங்களை உறையின் மேலேயே எழுதி, காற்றாட உலர விடுங்கள். பூச்செடியைப் போல அழுத்தித் தட்டையாக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்த உறையிலிருந்து ஓர் இலையை எடுத்து வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் விரிந்து, நேற்றுப் பறித்தது போலச் செல்களைக் காட்டும். மாஸ்களோடு வேலை செய்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம் இது. இந்த வசதியால்தான் 1896-இல் பிரிட்டனில் மாஸ் பரிமாற்றக் கழகம் ஒன்றைத் தொடங்கி, மாதிரிகளை அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார்கள். 1923-இல் அதுவே பிரிட்டிஷ் பிரையாலஜிக்கல் சொசைட்டி ஆனது. அதன் உறுப்பினர்களில் உங்கள் பகுதியின் மாஸ்களை நேரில் அறிந்தவர்கள் இருப்பார்கள். என் கண்ணைவிட, செடியையே கையில் வைத்துப் பார்க்கும் அவர்கள் கண் உங்களுக்கு அதிகம் உதவும்.

படங்களைப் பற்றி என் கணிப்பைக் கேட்டால், முதலாவது கம்யூனேயாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னணியில் ஸ்பேக்னமும் தேங்கிய நீரும் தெரிகின்றன, இலையடி உறைகள் பளபளப்பாக இருக்கின்றன. ஆனாலும் இது கணிப்புதான், பதிவேட்டில் எழுதக்கூடிய பெயர் அல்ல. இரண்டாவதற்கு, இலை விளிம்பில் பற்கள் தெரிவதால் ஜூனிபெரினமும் பிலிஃபெரமும் இல்லை என்பது மட்டும் உறுதி. அதற்கு மேல் பாலிட்ரைக்கம் என்று பேரினத்தோடு நிறுத்திவிடுவேன். அந்த இரண்டாவது கூட்டத்திலிருந்து, கிண்ணம் இல்லாத, நன்றாக முதிர்ந்த ஒரு தண்டை எடுத்து, நடுவிலுள்ள இலையை வெட்டிப் பாருங்கள். நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் கைபேசியை வைத்து எடுத்த படமே போதும், உச்சிச் செல் தெளிவாக விழுந்திருந்தால் நான் பெயர் சொல்கிறேன்.